ஓகே முதல் ஜெரிமாண்டர் வரை: அமெரிக்கப் பேச்சுச் சொற்களும் பட்டப்பெயர்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொற்களில் ஒன்றாவது தடுக்காமல் இருக்காது. கூகுளில் தேடினால் ஒரே சொல்லுக்கு நாலைந்து கதைகள் வரும், நாலைந்துமே நன்றாக இருக்கும். கதை ரொம்ப நன்றாக இருந்தால் அங்கேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. அதனால் ஊரில் உலவும் கதை எது, பழைய அச்சில் கிடைக்கும் ஆதாரம் எது என்று பிரித்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓகே என்பது எதன் சுருக்கம்?

ஒரு எழுத்துப் பிழையின் சுருக்கம். கிண்டல் இல்லை, நிஜமாகவே. 1838, 39 வாக்கில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதி, அதன் முதல் எழுத்துகளை மட்டும் அச்சில் போடுவார்கள், புரிந்தவன் சிரித்துக்கொள்வான். 'ஆல் ரைட்' என்பதை ஏ-க்குப் பதில் ஓ, ஆர்-க்கு முன்னால் ஒரு டபிள்யூ என்று கெடுத்து ஓ.டபிள்யூ. ஆக்கினார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஓ, சி இருக்க வேண்டிய இடத்தில் கே, ஆக ஓ.கே. இன்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் செய்கிற அதே கூத்துதான். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட்டில் இது அச்சானது.

அந்த விளையாட்டில் பிறந்த மற்றதெல்லாம் இரண்டொரு வருடத்தில் செத்துவிட்டது. ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் தேர்தல். 1840ல் அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன் இரண்டாம் முறை போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர், அதனால் ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றார்கள், அதன் முதல் எழுத்துகளும் ஓ.கே.தான். உடனே ஓ.கே. கிளப் என்று சங்கம் வைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் விடுவார்களா? வான் ப்யூரனின் குருநாதர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஸ்பெல்லிங்கே தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்று எழுதத் தெரியாமல் அவர் போட்டதுதான் ஓ.கே. என்று கதை கட்டினார்கள். வான் ப்யூரன் அந்தத் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றார். இரண்டு தரப்பும் மாறி மாறி அடித்ததில் சொல் மட்டும் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இத்தனையையும் பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தேதியோடு எடுத்துப் போட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 64ல் அவர் எழுதிய கட்டுரைகளோடு இந்த வழக்கு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சோக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்று படித்தேனே?

நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். அதிபர் உட்ரோ வில்சனே இந்தக் கதையை நம்பி, தன் கையால் எழுதும்போது சோக்டா சொல்லைப் போல 'ஓகே' என்பதன் கடைசியில் ஒரு ஹெச் சேர்த்துக்கொள்வார். சோக்டாவில் அப்படி ஒரு சொல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து இங்கே வந்தது என்று காட்ட வழியில்லை, 1839 பாஸ்டன் பத்திரிகை கையிலேயே இருக்கிறது.

அங்கிள் சாம் நிஜமாக இருந்த மனிதரா?

சாமுவேல் வில்சன் என்பவர் நிஜம். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் இறைச்சி வியாபாரி. பிரிட்டனோடு நடந்த 1812 போரின்போது படைக்கு மாட்டிறைச்சியை உப்பிட்டுப் பீப்பாயில் அனுப்பினார். பீப்பாய் மேல் யு.எஸ். என்று முத்திரை குத்தியிருக்கும். அது என்ன யு.எஸ். என்று கேட்டவனுக்கு, 'நம்ம அங்கிள் சாம்தான், வேறு யார்' என்று வேலையாட்கள் முதலாளியைக் காட்டிச் சிரித்தார்கள் என்பது கதை. 1961ல் அமெரிக்க காங்கிரஸே தீர்மானம் போட்டு வில்சனை அங்கீகரித்துவிட்டது.

இதில் ஒரு இடி. 1810லேயே, அதாவது போர் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே, வாஸ்ப் என்ற போர்க்கப்பலில் பயிற்சிக்கு இருந்த ஐசக் மேயோ என்ற பதினாறு வயதுப் பையன் தன் நாட்குறிப்பில், நாட்டைக் குறித்து 'அங்கிள் சாம் என்கிறார்களே' என்ற தோரணையில் எழுதி வைத்திருக்கிறான். கடலில் கிடந்த பையனுக்கே அது பழகிய பெயராக இருந்திருக்கிறது என்றால், பீப்பாய்க் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. காங்கிரஸ் தீர்மானம் போட்டால் வரலாறு மாறிவிடாது.

விரலை நீட்டிக்கொண்டு முறைக்கிற அந்தப் போஸ்டர் முதல் உலகப் போர்க் காலத்தது. வரைந்தவர் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃப்ளாக், முகத்துக்கு மாடல் அவரேதான்.

'லாபி' என்பது அதிபர் கிராண்ட் ஹோட்டல் வரவேற்பறையில் சுருட்டுப் பிடிக்க உட்கார்ந்ததால் வந்த பெயராமே?

வாஷிங்டன் வில்லர்ட் ஹோட்டலில் சொல்லுகிற கதை அது, அங்கே காத்திருந்து அவரிடம் காரியம் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததாம், விருந்தாளிகளுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிராண்ட் அதிபரானது 1869ல். அதற்குப் பல வருடங்கள் முன்பே நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றத் தாழ்வாரத்தில் நின்று உறுப்பினர்களை மடக்குகிறவர்களை இந்தச் சொல்லால்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெரிமாண்டர் என்றால் என்ன? அதுவும் கட்டுக்கதையா?

இல்லை, இது அசல். நன்றாக இருக்கும் கதை உண்மையாகவும் இருப்பது அபூர்வம், அந்த அபூர்வங்களில் இது ஒன்று.

எல்பிரிட்ஜ் கெர்ரி என்பவர் மாசசூசெட்ஸ் ஆளுநர். சாதாரண ஆள் இல்லை, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்புறம் அரசியலமைப்பில் உரிமைகள் பட்டியல் இல்லை என்று அதில் கையெழுத்துப் போட மறுத்தவர். 1812 பிப்ரவரியில் அவருடைய கட்சி மாநில செனட் தொகுதிகளைத் தன் வசதிக்கு வெட்டி ஒட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தது, அவருக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை என்றாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் வந்த ஒரு தொகுதி, வரைபடத்தில் பார்த்தால் ஊர்களை ஓரமாகவே வளைத்துக்கொண்டு போகும், வால், முதுகு, கழுத்து என்று ஏதோ பிராணி மாதிரி. மார்ச் 26ம் தேதி பாஸ்டன் கெசட் பத்திரிகை அதற்கு நகமும் இறக்கையும் கோரைப் பல்லும் வைத்துப் படமாகப் போட்டது. சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரியின் வாலைக் கெர்ரியின் பெயரோடு ஒட்டி 'கெர்ரிமாண்டர்' என்று பெயரும் வைத்தது.

வேலை பலித்ததா என்றால் பலித்தது. அந்த வருட மாநில செனட் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளுக்கு மொத்த வாக்கு அதிகம், இருக்கையோ 40ல் 11தான். ஆனால் ஆளுநர் தேர்தலுக்குத் தொகுதி வெட்ட முடியாதே, மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. அதில் கெர்ரி தோற்றார். அப்புறம் துணை அதிபரானார், பதவியில் இருக்கும்போதே 1814ல் இறந்தார். அவர் பெயரைக் கெட்டியான 'கெ' வைத்துத்தான் சொல்ல வேண்டும், சொல்லில் மட்டும் அது 'ஜெ' ஆகிவிட்டது.

இன்றும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் தொகுதி எல்லையைச் சட்டமன்றமே, அதாவது ஆளுங்கட்சியே வரைகிறது. இந்தியாவில் அதற்கென்று தனி ஆணையம் உண்டு. நம் ஊரில் தொகுதி மறுவரையறை பற்றி நடக்கும் சண்டை எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றியது, ஜெரிமாண்டர் ஒரே மாநிலத்துக்குள் கோட்டை எப்படி வளைக்கிறார்கள் என்பதைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கழுதையும் யானையும் எப்படிக் கட்சிச் சின்னமாயின?

நம் ஊர்ச் சின்னம் மாதிரி தேர்தல் ஆணையம் ஒதுக்கியது இல்லை. 1828ல் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று திட்டினார்கள். அதை எல்லாருக்கும் பழக்கியவர் தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியில் பிறந்து சின்ன வயதில் வந்தவர், ஹார்ப்பர்ஸ் வீக்லியின் கார்ட்டூனிஸ்ட். 1870ல் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குக் கழுதை போட்டார். 1874 நவம்பரில் குடியரசுக் (ரிபப்ளிகன்) கட்சிக்கு யானை வந்தது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அந்தக் கட்சியின் அதிபர் கிராண்ட் மூன்றாம் முறையும் நிற்கப் போகிறார், சர்வாதிகாரம் வரப்போகிறது என்று நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகை பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்தது. நாஸ்ட் அந்தப் பத்திரிகையைச் சிங்கத்தோல் போர்த்திய கழுதையாக வரைந்தார். காட்டு மிருகங்கள் எல்லாம் மிரண்டு ஓடுகின்றன, அதில் ஒரு பெரிய யானை பள்ளத்தின் விளிம்பில் தடுமாறுகிறது, அதன் உடம்பில் 'ரிபப்ளிகன் வாக்கு' என்று எழுதியிருக்கிறது. ஆக, கட்சி இன்று பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்கிற யானை, பயந்து ஓடுகிற யானையாகத்தான் பிறந்தது. நாஸ்ட் அந்தக் கட்சிக்காரர்தான், கோபத்தில் வரைந்தது.

குடியரசுக் கட்சியை ஜி.ஓ.பி. என்கிறார்களே?

'கிராண்ட் ஓல்ட் பார்ட்டி', மகத்தான பழைய கட்சி என்று அர்த்தம். கட்சி தொடங்கியது 1854ல். எதிரே இருக்கும் ஜனநாயகக் கட்சி அதைவிடப் பழையது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இந்தக் கதைகளில் எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதலில் தேதி. சொல் முதலில் அச்சில் வந்த வருடம் கதை நடந்த வருடத்துக்கு முன்னால் இருந்தால் கதை முடிந்தது, லாபி மாதிரி. இரண்டாவது, ஒரு சாதாரணச் சொல்லைப் பிடித்து அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து விளக்கினால் நம்பாதீர்கள். ஹோட்டலில் கொடுக்கும் 'டிப்' கூட அப்படி ஏதோ மூன்று சொல்லின் சுருக்கம் என்று பரப்புகிறார்கள், சுத்தப் பொய். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்கிற வழக்கமே இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னால் ரொம்பக் குறைவு. வேடிக்கை என்னவென்றால் அந்த விதிக்கு விலக்காக நிற்பது ஓகே.

மேவரிக்?

சாமுவேல் மேவரிக், டெக்சாஸ்காரர், வழக்கறிஞர், டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். நிலத்தில் ஆசை உண்டு, மாட்டில் இல்லை. கடனுக்குப் பதிலாக ஒருவர் மாட்டு மந்தையைத் தள்ளிவிட, அதற்குச் சூடு போட்டு அடையாளம் வைக்காமல் அப்படியே மேயவிட்டுவிட்டார். சுற்றுவட்டாரத்தில் சூடு இல்லாமல் திரியும் மாட்டைக் கண்டால் 'அது மேவரிக்கினுது' என்று சொல்லத் தொடங்கி, அப்புறம் எந்தக் கட்சி முத்திரையும் ஒட்டாத அரசியல்வாதிக்கும் அதே பெயர் ஆனது. 2008ல் ஜான் மெக்கெய்ன் இந்தப் பெயரைச் சொல்லியே வாக்குக் கேட்டார்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சொல்லும் உண்டு. பேரன் மவுரி மேவரிக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். 1944ல் அரசு அலுவலகம் ஒன்றின் தலைவராக உட்கார்ந்திருந்தபோது, ஃபைல்களில் வரும் வளவளப்பைத் தாங்க முடியாமல் அதற்கு 'காபிள்டிகூக்' என்று பெயர் வைத்துச் சுற்றறிக்கை விட்டார். வான்கோழி கழுத்தை ஆட்டிக்கொண்டு போடும் சத்தத்திலிருந்து எடுத்ததாம். 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதுகிறவன் சுடப்படுவான் என்றும் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது. நம் அரசாணை மொழியைப் படிக்கும்போது எனக்கு அந்த மனிதரை நினைக்கத் தோன்றும்.

'பங்க்', 'டீபங்க்' எல்லாம் எங்கிருந்து?

வட கரோலினாவில் பங்கம் என்று ஒரு கவுண்டி உண்டு, இன்றைய ஆஷ்வில் நகரம் அங்கேதான் இருக்கிறது. 1820ல் மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்க்கலாமா கூடாதா என்று காங்கிரஸில் வாரக்கணக்கில் விவாதம். எல்லாரும் களைத்துப்போய் வாக்கெடுப்புக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பகுதி உறுப்பினர் ஃபெலிக்ஸ் வாக்கர் எழுந்து, விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தார். உட்காரச் சொன்னவர்களிடம் 'நான் உங்களுக்காகப் பேசவில்லை, பங்கத்துக்காகப் பேசுகிறேன்' என்ற பொருளில் பதில் சொன்னார். அன்றிலிருந்து வெற்றுப் பேச்சுக்கு 'பங்கம்' என்று பெயர், சுருங்கி 'பங்க்' ஆனது. வரலாறு என்பதே ஏறக்குறைய பங்க்தான் என்று ஹென்றி ஃபோர்டு 1916ல் சொல்லி மாட்டிக்கொண்டார். அதைக் கழற்றுவது 'டீபங்க்', அது 1923ல் வந்தது. ஊர்க்காரர்கள் பாவம், ஒரு உறுப்பினர் வாய் திறந்ததற்கு இருநூறு வருடமாக அனுபவிக்கிறார்கள்.

ஃபிலிபஸ்டர் என்றால் விடாமல் பேசுவது, சரி, ஆனால் அந்தப் பெயர் ஏன்?

கடற்கொள்ளைக்காரன் என்று அர்த்தம். டச்சு மொழியில் தொடங்கி ஸ்பானிஷ் வழியாக வந்தது. 1850களில் வில்லியம் வாக்கர் போன்ற அமெரிக்கர்கள் தனியாரே படை திரட்டிக்கொண்டு நிகரகுவா போன்ற நாடுகளைப் பிடிக்கப் போனார்கள், அவர்களை ஃபிலிபஸ்டர் என்றார்கள். அவையின் நேரத்தைக் கொள்ளையடிக்கிறவனுக்கும் அதே பெயர் பொருந்திவிட்டது. 1957ல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் சிவில் உரிமைகள் சட்டத்தைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் பேசினார், சட்டம் எப்படியோ நிறைவேறியது. 2025ல் கோரி புக்கர் 25 மணி நேரத்தைத் தாண்டி அந்தச் சாதனையை உடைத்தார். அவர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை என்பதால் கறாராகப் பார்த்தால் அது ஃபிலிபஸ்டர் இல்லை.

போன் கம்பெனிக்காரர்கள் பழைய பிளானில் இருப்பவரை 'கிராண்ட்ஃபாதர்' செய்துவிட்டோம் என்கிறார்களே, இதில் தாத்தா எங்கே வந்தார்?

கேட்க இதமாக இருக்கிறது, பின்னணி அப்படி இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870ல் வந்த 15வது திருத்தம், இனத்தைக் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தெற்கு மாநிலங்கள் இனம் என்ற சொல்லையே எடுக்காமல் சுற்றி வளைத்தன. எழுத்துத் தேர்வு வைத்தார்கள், சொத்து இருக்க வேண்டும் என்றார்கள். அதில் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை வெள்ளையர்களும் அடிபடுவார்களே? அதற்காக ஒரு விதி: 1867 ஜனவரி 1க்கு முன்னால் வாக்குரிமை இருந்தவர்களுக்கும், அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் இந்தத் தேர்வெல்லாம் கிடையாது. 1867க்கு முன் அங்கே கறுப்பின மக்களில் வாக்களிக்க முடிந்தவர் யார்? தாத்தா அடிமையாக இருந்தவனுக்குத் தேர்வு, மற்றவனுக்கு விலக்கு. லூசியானா 1898ல் இதை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. 1915ல்தான் ஓக்லஹோமா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த விதியைத் தூக்கி எறிந்தது. தெரிந்துகொண்டபின் நான் அந்தச் சொல்லைச் சாதாரணப் பேச்சில் பயன்படுத்துவதில்லை, அவரவர் விருப்பம்.

நியூயார்க்கை ஏன் பெரிய ஆப்பிள் என்கிறார்கள்?

குதிரைப் பந்தயம். 1920களில் மார்னிங் டெலிகிராஃப் பத்திரிகையில் பந்தயம் பற்றி எழுதிய ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட், நியூ ஆர்லியன்ஸ் லாயத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் அப்படிப் பேசுவதைக் கேட்டு எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பெரிய பரிசுப்பணம் கிடைக்கும் பந்தயம் நியூயார்க்கில், அதுதான் பெரிய ஆப்பிள். அப்புறம் ஜாஸ் இசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு மங்கிவிட்டது. நகரம் பேர் கெட்டுக் கிடந்த 1970களில் சுற்றுலாத் துறையினர் தூசி தட்டி எடுத்து விளம்பரத்தில் போட்டார்கள். ஈவ் என்ற பெண் நடத்திய விலைமாதர் விடுதியை வைத்து ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது, அது யாரோ விளையாட்டுக்கு எழுதியது.

அப்படியானால் ஸ்லாங்கில் பாதி கறுப்பின மக்களுடையதா?

பாதியா என்று அளந்து சொல்ல முடியாது, ஆனால் பெரிய பங்கு. 'வோக்' என்பதைப் பாருங்கள். 1931ல் அலபாமாவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் பொய்யான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு, ஸ்காட்ஸ்போரோ வழக்கு. அதைப் பற்றிப் பாட்டைப் பதிவு செய்த லெட் பெல்லி 1938ல், அந்தப் பக்கம் போகிறவர்கள் விழித்துக்கொண்டு இருங்கள் என்று அந்தச் சொல்லைச் சொல்கிறார். உயிர் எச்சரிக்கை அது. இன்று டிவி விவாதத்தில் வசவாகக் கேட்கும்போது அந்தத் தூரம் தெரியும்.

ஜாஸ் மட்டும் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. அச்சில் முதலில் தெரிவது 1912, 13ல், கலிபோர்னியா பேஸ்பால் செய்தியில், துடிப்பு என்ற பொருளில். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது 1915 வாக்கில் சிகாகோவில்.

நம் ஊர்ச் சொல் ஏதாவது அமெரிக்க அரசியலில் இருக்கிறதா?

இருக்கிறது. டிவியில் உட்கார்ந்து கருத்துச் சொல்கிறவர் 'பண்டிட்'. பாஸ்டனின் பழைய பணக்காரக் குடும்பங்களுக்கு 'பிராமின்' என்று 1860ல் பெயர் வைத்தவர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ், மருத்துவரும் கவிஞருமான அப்பா ஹோம்ஸ், நீதிபதி மகன் இல்லை. துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ 1970ல் குறை சொல்கிறவர்களை 'நவாபுகள்' என்று எதுகை மோனையோடு திட்டினார். எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபையர். தமிழிலிருந்தே போனது 'பரையா'. வாஷிங்டன் வெளியுறவுப் பேச்சில் ஒதுக்கிவைக்கப்பட்ட நாட்டைச் சாதாரணமாக அப்படிச் சொல்கிறார்கள். ஒரு சாதியின் பெயரைத்தான் வசவாக்கிச் சொல்கிறோம் என்று பேசுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த நமக்கு அது காதில் உறுத்தத்தான் செய்யும்.

எதிராளிக்குப் பட்டப்பெயர் வைப்பது டிரம்ப் தொடங்கியதா?

அவருக்கு முன்னால் இருநூறு வருட வரிசை நிற்கிறது. 1789ல் முதல் துணை அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவிகளுக்குப் பெரிய பெரிய பட்டம் வேண்டும் என்று அடம்பிடிக்க, அவர் உடம்பைப் பார்த்து 'மேதகு உருண்டை' என்ற மாதிரிப் பட்டம் கொடுத்தார்கள். அதிபர் இறந்ததால் பதவிக்கு வந்த ஜான் டைலர் 'மேதகு விபத்து'. 1876ல் சர்ச்சையான எண்ணிக்கையில் ஜெயித்த ரதர்ஃபோர்டு ஹேய்ஸின் பெயரிலேயே மோசடி என்ற சொல்லை நுழைத்து 'ரதர்ஃபிராடு' ஆக்கினார்கள். ரிச்சர்ட் நிக்சனுக்கு 'ட்ரிக்கி டிக்', அதாவது தந்திரக்கார ரிச்சர்ட், 1950 செனட் தேர்தலிலேயே வந்துவிட்டது, அதிபராவதற்கு 18 வருடம் முன்னால். டிரம்ப் வைப்பதில் புதுசு என்று சொல்ல வேண்டுமானால், முன்பு கட்சிப் பத்திரிகையும் அடிமட்ட ஆளும் செய்த வேலையை வேட்பாளரே மேடையில் செய்கிறார்.

எல்லா ஊழலுக்கும் பின்னால் 'கேட்' ஒட்டுவது?

வாட்டர்கேட் ஒரு கட்டடத்தின் பெயர். 1972ல் ஜனநாயகக் கட்சி அலுவலகம் அங்கே இருந்தது, நிக்சனின் ஆட்கள் ஏற்பாடு செய்தவர்கள் உள்ளே புகுந்து மாட்டினார்கள். அதன் வாலைப் பிய்த்து மற்ற ஊழல்களுக்கு விடாமல் ஒட்டியவர்களில் முக்கியமானவர், மேலே ஆக்னியூவுக்கு எழுதிக் கொடுத்தாரே, அதே சஃபையர். நிக்சனுக்கும் உரை எழுதியவர். கார்ட்டர் காலத்துச் சின்னச் சின்ன விவகாரத்துக்கெல்லாம் கூட 'கேட்' ஒட்டி எழுதினார். பழைய முதலாளியின் ஊழலும் ஊரோடு ஒத்த ஊழல்தான் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று அப்போதே பலர் சொன்னார்கள்.